கொம்புக்கு வாய் வைத்தவர்

எந்தச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் முதலில் ஓரடி பின்னால் போவார். தூங்குகிற நாயைத் தாண்டிப் போகிறவர் மாதிரி அதைச் சுற்றி வந்து பார்ப்பார். பிறகு, கொண்டுவந்தவருக்கே சங்கடமாகிற மாதிரி, "எனக்குப் பயமா கீதுங்க" என்பார்.

சந்தவாசலைத் தாண்டி மலைப்பக்கம் திரும்புகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதில் உட்கார்ந்து ஜீப், டிராக்டர் ரேடியேட்டர்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மலைமேல் இருக்கிற எங்கள் ஊர்ப் பாதையில் ஏறுகிற ஜீப்பெல்லாம் பாதி வழியில் கொதித்து மூக்கால் அழும். டிரைவர்கள் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் "இன்னாப்பா?" என்று திரும்பிப் பார்ப்பார். இவ்வளவு கேலிக்குப் பிறகும் ஏன் அவரிடமே போனார்கள் என்றால், அவர் போட்ட ஒட்டு ஒழுகாது. வேறு இடத்தில் கொடுத்தால் அடுத்த வாரமே மலைப்பாதையில் நின்றுகொண்டு குரங்குகளை எண்ண வேண்டியதுதான்.

சாவு என்ற சொல் அவர் வாயில் வராது. "அது" என்பார். "அவங்க வூட்ல அது ஆயிட்ச்சு." இறந்தவர் புழங்கிய பித்தளைச் சொம்பு, குடம் என்று தெரிந்தால் தொடமாட்டார். சாலையில் பறைச் சத்தம் கேட்டால் கொட்டகைக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொள்வார். ஊர்வலம் போய் நெடுநேரம் கழித்து, கதவை விரலளவு திறந்து, "போயிட்ச்சா?" என்று கேட்பார். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். ஒருமுறை, "போகலண்ணா, உன்னக் கூட்டினு போலாம்னு நிக்குது" என்று சொல்லிவிட்டேன். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அதைத் திறக்க வைக்க நான் சாமி மேல் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. சாமானை விட்டுவிட்டுப் போக முடியாது. கொண்டுவந்தவர் எதிரில் உட்கார்ந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லாரி முதலாளியாக இருந்தாலும் சரி, வெள்ளை வேட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் தீர வேண்டும். ஏன் என்று கேட்டால், "ஒடஞ்சா ரெண்டு பேரு கையிலயும் ஒடையட்டுங்க. ஒத்த ஆளா என்னால தாங்க முடியாது" என்பார்.

நான் அவரிடம் கொண்டுபோனது ரேடியேட்டர் இல்லை. எங்கள் ஊர்க் கொம்பு.

அப்பாதான் ஊதுவார். அவருடைய அப்பாவும் அதற்கு முந்தினவரும் ஊதியது. மூன்று துண்டாக இணைத்த பித்தளைக் கொம்பு. வளைவைத் தோளில் சாய்த்தால் அகன்ற முனை தலைக்கு மேலே நிற்கும். எத்தனையோ ஒட்டு ஏறி, சில இடங்களில் காகிதமாக மெலிந்துபோனது. அதைத் தரையில் வைக்கக் கூடாது. மலையை விட்டு இறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், சும்மா ஊதக் கூடாது. அம்மன் புறப்படும்போது விட்டு விட்டு, துள்ளித் துள்ளி ஊதுவார்கள். சாவுக்கு ஒரே ஊதல். நீளமாக எழும்பி, மூச்சு உள்ளவரை இழுத்து, அப்படியே சரிந்து அடங்கும். அதைக் கேட்டால் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வரும். அதனால் பழகிக்கொள்ளும் பிள்ளைகள்கூடப் பப்பாளி இலைத் தண்டில் ஊதித்தான் பழக வேண்டும்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் ஒரு காலையில் அப்பா வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. முகவாதம் என்றார்கள். மருந்தில், மூட முடியாமல் இருந்த கண் மூடியது, பேச்சு திரும்பியது. உதட்டின் இடது ஓரம் மட்டும் திரும்பவில்லை. கொம்பின் ஊதுவாய் சின்னது, வட்டமானது. உதட்டுக்கு நடுவில் வைத்தால் மூச்சு பாதி ஓரமாகப் போய்விடும். அப்பா ஒரு நாள் ஈரத்துணியால் கொம்பைத் துடைத்து, வாயில் பொருத்திப் பார்த்து, ஊதாமலே மாட்டிவிட்டு வந்தார்.

ஆடித் திருவிழா வந்துகொண்டிருந்தது. ஊர் மூப்பர் வீட்டுக்கு வந்தார்.

"இந்த வருசம் உன்னால ஆவலன்னா கொம்ப மேலண்டை வூட்டுக்குக் குடுத்துடலாம்பா. அம்மன நிக்க வெக்க முடியுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பாவும் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அம்மா இல்லாத வீடு. அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டிவிட்டு வந்து, என் அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கொம்பு இந்த வீட்டை விட்டுப் போனால் அப்பாவும் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துபோனது. அந்தப் பயத்தில்தான் இத்தனையும் செய்தேன்.

ஊதுவாயை அகலமாக்கி, வலது பக்கம் சாய்த்து வைத்தால் நல்ல உதட்டில் நிற்கும் என்று தோன்றியது. செய்கிற ஆள்தான் கிடைக்கவில்லை. போளூரில் ஒரு வெல்டிங் கடையில், கொம்பின் போட்டோவைக் காட்டி நான் சொல்லி முடிப்பதற்குள் அறுக்கும் மிஷினை ஓடவிட்டுவிட்டான். பேண்டு செட்டு சாமான் பார்க்கும் ஒருவர் போட்டோவைப் பார்த்து, "வுட்டுட்டுப் போம்மா, வெட்டி ஒட்டிடலாம். இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். எல்லோருக்கும் எவ்வளவு தைரியம்! போட்டோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் எங்கள் பக்கத்து ஊர் ஜீப் டிரைவர்தான், "நம்ம பயந்தாங்கொள்ளியக் கேட்டுப் பாரேன்" என்றான்.

போவதற்கு முன் அப்பாவின் வாய்க்கு அளவு வேண்டுமே. கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டையாக்கி அப்பாவிடம் நீட்டி, "கொம்பு ஊதற மாதிரி இதுல வாய வெச்சி அழுத்து" என்றேன். அழுத்தினார். நான் கொம்பைச் சுவரிலிருந்து எடுத்தபோது மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். துண்டுகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றி, தரையில் படாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பில் மலை இறங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் போர்வையைத் தட்டிக் கொடுத்து, "கொழந்த தூங்குதா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். வேர்த்துக் கொட்டியது.

அவர் வழக்கம்போல ஓரடி பின்னால் போனார். கொம்பைக் கண்டு அல்ல. டிபன் பாக்ஸைத் திறந்து மாவைக் காட்டினேன், அதைக் கண்டு.

"இன்னாம்மா இது?"

"எங்கப்பா வாய்ண்ணா."

"இருக்காரா?"

"இருக்காரு, இருக்காரு."

"அப்புறம் ஏம்மா வாய மட்டும் தனியா எடுத்தாந்த?" என்று டிபன் பாக்ஸைப் பார்க்காமலே கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே பழைய டியூப் ரப்பரைக் கிழித்து, கூரைக் கழியில் தொட்டில் மாதிரி கட்டினார். தரையில் படாமல் கொம்பை அதில் தொங்கவிட்டார். செய்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் "பயமா கீதும்மா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றே திருப்பி அனுப்பினார். முதலில் வெட்டாமல் மேலே மாட்டுகிற மாதிரி ஓர் உறை செய்து பார்த்தார். மூச்சு கசிந்தது. தடித்த பித்தளைத் தகட்டில் சாய்வான புது வாய் அடித்தார். மாவில் இருந்த தடத்தின் மேல் வைத்து வைத்து எடுத்தார். மாவு காய்ந்து வெடித்து அப்பாவின் வாய் கிழவர் வாயாக ஆகிக்கொண்டிருந்தது. திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன்.

"அப்பா சாப்பிட்டே எத்தினி நாளாவுது தெரியுமா? நீ பயந்துகினே இரு. அங்க அவரு போயிட்டா?"

அவர் ரம்பத்தை எடுத்தார். "குந்தும்மா. அந்தப் பக்கம் புடி" என்றார்.

பழைய ஊதுவாயை அறுத்து எடுத்தார். ரம்பம் ஒவ்வொரு முறை போய் வரும்போதும் எனக்குப் பல் கூசியது. இங்கே சூடு காட்டினால் அங்கே பழைய ஒட்டு விட்டுவிடும் என்று ஒவ்வொரு இணைப்பிலும் ஈரச்சாக்கைச் சுற்றி, நான் அதன் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கை நடுங்கியது. பற்றவைக்கும் அந்தச் சில நிமிஷம் மட்டும் நடுங்கவில்லை. முடிந்ததும் மறுபடி நடுங்கியது. ரேடியேட்டருக்குச் செய்கிற மாதிரி ஒரு முனையை அடைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஒழுவல. ஆனா ஊதுமா ஊதாதான்னு யாருக்குத் தெரியும்?"

மேலே கொண்டுபோய்ச் சோதிக்க முடியாது. சும்மா ஊதக் கூடாதே. திருவிழா அன்று அம்மன் வாசலில் வைத்து ஊதிப் பார்த்து, காற்று மட்டும் வந்தால்? அப்பாவை அந்தக் கூட்டத்தில் அப்படிப் பார்க்க என்னால் முடியாது. இங்கேயே பார்த்துவிடலாம், அடிவாரத்துச் சத்தம் எங்கே மலைக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன். மத்தியானக் காற்று மலைமேல் ஏறும் என்று எங்கள் ஊர் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"நீ ஊதும்மா."

"நான் வாய் வெக்கக் கூடாதுண்ணா. பொம்பள."

அவர் கொம்பையும் மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வாயை ஒரு பக்கமாகக் கோணலாக்கிக்கொண்டார். அப்பாவின் முகம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஊதிவிட்டார்.

முதல்முறை ஊதுகிறவருக்குத் துள்ளித் துள்ளியா வரும்? ஒரே மூச்சு. நீளமாக எழும்பி, இழுத்து, மூச்சு முடிந்ததும் அப்படியே சரிந்து அடங்கியது. அச்சு அசல் சாவு ஊதல்.

அவருக்குத் தெரியாது. "பேசுதும்மா! பேசுது!" என்று குதித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் மலையைப் பார்த்தபடி நின்றேன். காற்று என் முந்தானையை மலைப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் கொம்பைத் துடைத்து, ஒட்டுப் போட்ட இடத்தையெல்லாம் தேய்த்து மெருகேற்றி முடிப்பதற்குள் மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து நின்றது. அதே பக்கத்து ஊர் டிரைவர். என்னைக் கண்டதும் தலையிலிருந்த துண்டை எடுத்தான்.

"நீ இங்கதான் கீறியா? ஏறும்மா. சாவுக் கொம்பு கேட்டுச்சு. உங்கப்பா ஊதற மாதிரி இல்ல. வேற வாயி. அப்போ போனது உங்கப்பாதான்னு எல்லாரும் உங்கூட்டுக்கு ஓடறாங்க. நான் மாலை வாங்கப் போறேன்."

"நீ வூட்டுக்குப் போய்ப் பாத்தியா?"

"எங்க பாக்கறது? எங்கூர்லருந்து நேரா எறங்கிட்டேன்."

ஊதியது யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பாவை நினைத்துப் பயந்தேன். சாப்பாடு இறங்காத உடம்பு. தனியாகப் படுத்திருக்கிறார். தன் கொம்பே தனக்குச் சாவு ஊதுவதைக் கேட்டிருப்பாரே, தாங்குமா? எல்லாவற்றையும் அழுதுகொண்டே உளறினேன். டிரைவர் வண்டியைத் திருப்பினான். கொம்பைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மறுபக்கம் யாரோ ஏறுவது தெரிந்தது. மலைப்பாதை வளைவுகளுக்குப் பயந்து ஒருநாளும் மேலே வராத மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு கொம்பின் மறுமுனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீ எதுக்குண்ணா?"

"ஊதுனது நானாச்சே" என்றார், கண்ணைத் திறக்காமல்.

எங்கள் வாசலில் கூட்டம் நின்றது. சிலர் களைக்கொத்தோடு வந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நல்ல பக்கத்து உதடு மட்டும் சிரித்தது.

"ஊதுச்சேம்மா. கேட்டேன்" என்றார்.

அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. எங்கள் ஊரில் சாவு ஊதினால், யாருக்கு என்று மூப்பர் கேட்க வேண்டும், ஊதின வீடு பேர் சொல்ல வேண்டும். பேர் இல்லாத ஊதல் தானே ஒரு பேரைத் தேடி வரும் என்பார்கள். இதை நம்பாதவர்கள் டவுனில் இருக்கலாம். அன்று அந்த வாசலில் அப்படி ஒருவரும் இல்லை. நானும் நம்பினேன். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை மாரோடு இழுத்து மூடிக்கொண்டார்கள்.

கொம்பை மலையை விட்டு இறக்கியதற்கும் அறுத்ததற்கும் மூப்பர் என்னைத் திட்டவில்லை. "அதெல்லாம் அப்புறம்" என்றார். அவர் குரலிலும் பயம். "சாவு ஊதியாச்சு. யாருக்குன்னு சொல்லுங்க."

அப்பா படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொம்பு சரியாகிவிட்டது, ஊருக்கு ஒரு பேர் வேண்டும், படுத்துக் கிடக்கிற ஆள் தான் ஒருவன்தானே என்று கணக்குப் போட்டுவிட்டார். "எனக்..." என்று தொடங்கினார்.

ரேடியேட்டர்காரர் ஓரடி பின்னால் போனார். அவ்வளவுதான், ஓடிவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முன்னால் வந்தார்.

"எனக்குங்க" என்றார். "எனக்குத்தான் ஊதுனேன்."

"நீ யாருப்பா? உசிரோட நிக்கற ஆளு, உனக்கு நீயே எப்படி?"

"சாவு எனக்குத்தாங்க" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு தன் பேரைச் சொன்னார். அதுவரை எனக்கு அவர் பேர் தெரியாது. ஊதிச் சொல்லியாகிவிட்ட பேரை அதற்குப் பிறகு நாங்கள் எடுக்கமாட்டோம். அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை.

மூப்பர் அந்தப் பேரை ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு ஒரு பிடி சாமை கொண்டுவரச் சொல்லி, இறந்தவருக்குச் செய்கிற மாதிரி அவர் தலையைச் சுற்றித் தெற்கே இறைத்தார். கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. ரேடியேட்டர்காரர் எங்கள் வாசலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலை அப்பா களி சாப்பிட்டார், அவர் எதிரில் உட்கார்ந்து. அந்த ஆடிக்கு அம்மனை அப்பாதான் புறப்பட வைத்தார். கோணல் வாய், கோணல் கொம்பு, துள்ளல் மட்டும் நேர்.

திருவிழாவில் இறந்தவர்களுக்கென்று ஓர் இலையில் பங்கு எடுத்து வைப்போம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் அந்தப் பங்கில் ஒரு பிடியை அப்பா கீழே கொட்டகைக்குக் கொண்டுபோவார். அவர் ஓரடி பின்னால் போய், சுற்றி வந்து பார்த்து, பிறகு சாப்பிடுவார். "நான்தான் ஏற்கெனவே ஆயிட்டேனேம்மா, அப்பவும் ஏன் பயமா கீது?" என்று என்னைக் கேட்பார். பறைச் சத்தம் கேட்டால் அப்போதும் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அதற்குப் பிறகு கேலி செய்ததில்லை.

போன மாசியில் அவர் இறந்துபோனார். காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை என்று டிரைவர் வந்து சொன்னான். அப்பா கொம்பை எடுத்தார். மூப்பர் வந்து தடுத்தார்.

"அவருக்கு ஊதியாச்சேப்பா. ஒரு ஆளுக்கு ஒரு தடவதான். மறுபடி ஊதுனா அதுக்கு யாரு பேரச் சொல்லுவ?"

அப்பா தலையை ஆட்டினார். கொம்பைத் தூக்கிக்கொண்டு சந்தவாசல் தெரிகிற பாறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அந்தச் சாய்ந்த வாயில் தன் வாயைப் பொருத்தினார். ஊதிவிடுவாரோ என்று கையை நீட்டித் தடுக்கப் போனேன்.

"அந்தப் பக்கம் புடிம்மா" என்றார்.

அகன்ற முனையில் உள்ளங்கையை வைத்துப் பிடித்தேன். உதட்டை இறுக்காமல் மூச்சை மட்டும் விட்டார். சத்தம் வரவில்லை. அந்த மூச்சு வளைவெல்லாம் தாண்டி வந்து, என் உள்ளங்கையில் சூடாகப் பட்டது.